எல்லையில் வெப்பமானி, வார்டில் அழுக்குத் துண்டு

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் போதும், வாளையாறிலும் நாடுகாணியிலும் புளியரையிலும் களியக்காவிளையிலும் மேசை போட்டுவிடுகிறார்கள். முகக்கவசம் அணிந்த சுகாதாரப் பணியாளர் பேருந்துக்குள் ஏறி, ஒவ்வொரு பயணியின் நெற்றிக்கு நேராகவும் வெப்பமானியை நீட்டுகிறார். படம் எடுக்கிறார்கள். 'எல்லையில் தீவிரக் கண்காணிப்பு' என்று அடுத்த நாள் செய்தி வருகிறது. 2018-இல் நடந்தது, 2021-இல் நடந்தது, 2023-இலும் 2024-இலும் நடந்தது. நிபா வைரஸ் உடலுக்குள் புகுந்த பிறகு காய்ச்சலாக வெளிப்படப் பொதுவாக நான்கு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். இது பொதுச் சுகாதாரத் துறையில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. அந்த நாட்களில் எல்லையைக் கடப்பவரின் நெற்றி குளிர்ந்தேதான் இருக்கும். நோய் முற்றி நினைவு தடுமாறத் தொடங்கியவரோ பேருந்து ஏறி ஊர் சுற்றுவதில்லை. அவரை மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இந்தியாவில் நிபா மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொத்துக் கொத்தாகத் தாவியதும் அங்கேதான். சாவடியில் காட்டும் சுறுசுறுப்பில் கால் பங்கைக்கூட வார்டுக்குள் காட்டாத மாநில அரசுகளையும், தனியார் மருத்துவமனை நிர்வாகங்களையும், வழிகாட்டு நெறிமுறையை அச்சடித்ததோடு கடமை முடிந்தது என்று இருக்கும் ஒன்றிய சுகாதார அமைச்சகத்தையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எச்சரிக்கை புதிதாக வந்ததல்ல. 2001 ஜனவரி, பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் இனம் புரியாத மூளைக்காய்ச்சல் ஒன்று பரவியது. 66 பேர் படுத்தார்கள், 45 பேர் இறந்தார்கள். அது நிபாதான் என்று சேமித்து வைத்த மாதிரிகளை ஆராய்ந்து உறுதிசெய்து உலகுக்குச் சொன்னது 2006-இல். பெயர் தெரியாத அந்த நோய் எங்கே பரவியது? நோயாளியைச் சேர்த்த மருத்துவமனைகளில். ஒரே ஒரு மருத்துவமனையில் மட்டும் ஊழியர்கள் 25 பேருக்கும், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் 8 பேருக்கும் தொற்றியது. பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு மருத்துவமனையில் நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்கள். நாட்டில் நிபாவின் முதல் வருகையே வார்டு வழியாகத்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்ல முடியாது. அந்தப் பாடத்தைப் படிக்க நமக்கு எத்தனை ஆண்டுகள் இருந்தன என்று கணக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பதினேழு ஆண்டுகள் கழித்துக் கோழிக்கோடு. 2018 மே மாதத் தொடக்கத்தில் முதல் நோயாளி பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு மே 5-ஆம் தேதி இறந்தார். இது நிபா என்று புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது மே 20-இல். நடுவில் போன இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் வந்த ஆய்வு துல்லியமாக வரைந்து காட்டியது. மொத்தம் 23 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 18 பேருக்குச் சோதனையில் உறுதியானது. பிழைத்தவர்கள் இரண்டே பேர். பரவல் நடந்தது மூன்று மருத்துவமனைகளில். நோயாளியைத் தொட்டவர், ஊட்டியவர், பணிவிடை செய்தவர், அருகில் இருந்தவர் என்று சங்கிலி நீண்டது. பேராம்பிராவில் அந்த முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். பிழைத்த இருவரில் ஒருவர் செவிலியர் படிப்பு மாணவி.

லினியை நாடே கொண்டாடியது. கொண்டாடட்டும், அவர் அதற்கு உரியவர். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தின் இரைச்சலில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது. காய்ச்சலோடும் இருமலோடும் வரும் எந்த நோயாளியையும், நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே, முகக்கவசத்தோடும் கையுறையோடும் அணுகும் ஏற்பாடு ஒரு தாலுகா மருத்துவமனையின் இரவுப் பணியில் இருந்ததா? இருந்திருந்தால் நமக்குத் தியாகி கிடைத்திருக்க மாட்டார், செவிலியர் கிடைத்திருப்பார். ஊழியரைக் காக்கத் தவறிய நிர்வாகம் அவருடைய சாவைத் தியாகம் என்று அழைத்துத் தன் பொறுப்பைக் கழுவிக்கொள்ளும் வழக்கத்தை இனியும் அனுமதிக்கக் கூடாது.

இப்போது துண்டு விஷயத்துக்கு வருவோம். வங்கதேசத்தில் நிபா ஏறக்குறைய ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தலைகாட்டும். 2013 டிசம்பர் முதல் 2014 ஏப்ரல் வரை அங்குள்ள மருத்துவமனைகளில் ஆய்வாளர்கள் ஒரு எளிய வேலையைச் செய்தார்கள். நிபா நோயாளிகளின் வாயிலிருந்தும், அவர்களைச் சுற்றியிருந்த ஐந்து இடங்களிலிருந்தும் பஞ்சில் ஒற்றி எடுத்துச் சோதித்தார்கள். சோதனையில் உறுதியான 12 பேரில் 10 பேரின் வாயில் வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. 6 நோயாளிகளின் சுற்றுப்புறத்தை ஒற்றி எடுக்க முடிந்தது. அதில் 5 பேருடைய சுற்றுப்புறத்தில் ஒரு இடத்திலாவது வைரஸின் தடயம் கிடைத்தது. எங்கே? நான்கு பேரின் துண்டில். மூன்று பேரின் படுக்கை விரிப்பில். ஒருவரின் கட்டில் கம்பியில். வாயில் வைரஸ் தெரிந்த நோயாளிகளே மற்றவர்களைவிட அதிகம் இறந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் வெளிப்பட்டது. அதாவது மிகவும் முடியாமல் கிடந்தவர்களைச் சுற்றித்தான் ஆபத்தும் அதிகம். அவர்களுக்குத்தான் பணிவிடையும் அதிகம்.

ஆர்என்ஏ கிடைத்தால் உயிருள்ள வைரஸ் கிடைத்தது என்று பொருளில்லை. ஆய்வின் எல்லை அது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துண்டு என்ன துண்டு என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியின் வாயோரம் வழிவதைத் துடைப்பதும், வாந்தியைத் துடைப்பதும், காய்ச்சலுக்கு நெற்றியில் நனைத்துப் போடுவதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயோ மனைவியோ தன் முகத்தைத் துடைத்துக்கொள்வதும் அந்த ஒரே துண்டில்தான். நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டில் அரை மணி நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமில்லை. வங்கதேசத்தைப் போலவே இங்கும் நோயாளியைப் புரட்டிப் போடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் வீட்டு ஆள்தான். செவிலியர் பற்றாக்குறையைச் சம்பளமில்லாமல் ஈடுகட்டும் படை அது. அந்தப் படைக்குக் கையுறை கிடையாது, முகக்கவசம் கிடையாது, பல இடங்களில் கை கழுவச் சோப்பும் கிடையாது. வார்டு சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படம் மட்டும் மினுமினுப்பாக ஒட்டியிருக்கும்.

தென்கொரியாவிலும் நோயாளியோடு குடும்பத்தார் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 2015-இல் மெர்ஸ் வைரஸ் அங்கே நுழைந்தபோது 186 பேருக்குத் தொற்றியது. 38 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லாத் தொற்றும் மருத்துவமனைகளுக்குள்ளேயே நடந்தது. சியோலின் பெயர்பெற்ற பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே நோயாளி எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றைக் கொடுத்தார். அப்போது நோயாளிகளின் அறைகளை ஆராய்ந்தவர்கள் வெறும் ஆர்என்ஏ-வோடு நிற்கவில்லை. படுக்கை விரிப்பிலிருந்தும் கட்டில் கம்பியிலிருந்தும் டிரிப் ஸ்டாண்டிலிருந்தும் எக்ஸ்-ரே கருவியிலிருந்தும் உயிருள்ள வைரஸையே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எக்ஸ்-ரே கருவி நோயாளியின் அறையிலேயே நிற்பதில்லை, படுக்கை படுக்கையாக உருண்டு போவது. இதற்குப் பிறகு கொரியா என்ன செய்தது? சட்டத்தைத் திருத்தியது. புதிதாகக் கட்டும் வார்டில் ஓர் அறைக்கு நான்கு கட்டிலுக்கு மேல் கூடாது, கட்டிலுக்குக் கட்டில் ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும், 300 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் காற்றழுத்தம் குறைத்த தனிமை அறைகள் கட்டாயம் என்று விதித்தது. குடும்பத்தார் செய்யும் பணிவிடையைச் செவிலியரே செய்யும் வார்டுகளை விரிவாக்கியது. ஒரு கொள்ளைநோய், ஒரு சட்டத் திருத்தம். நாமோ சிலிகுரி, கோழிக்கோடு, கொரோனா என்று மூன்றைப் பார்த்த பிறகும் ஒரு கட்டிலில் இரண்டு நோயாளி, கட்டிலுக்கு அடியில் மூன்றாமவர் என்று வார்டு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பது தெரியும். கொரோனா காலத்தில் காய்கறியைக்கூடக் கழுவி வெயிலில் காயப்போட்டோமே, கடைசியில் அது காற்றில்தானே பரவியது, மேற்பரப்பு மேற்பரப்பு என்று பயமுறுத்தியது வீண்தானே என்பார்கள். பாதி உண்மை. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் மூன்று நாள் வரை தாங்குகிறது என்று 2020-இல் ஆய்வகச் சோதனை சொன்னது. ஆனால் பொருட்களைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2021-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவுபடுத்தியது. அந்த நோய்க்குத் தேவைப்பட்டது காற்றோட்டமும் நல்ல முகக்கவசமும். ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு வழி உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தக் கறையில் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் ஆல்கஹால் கைத்திரவத்துக்கு எளிதில் மசியாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், தரைக்குக் குளோரின் வேண்டும். நிபா உமிழ்நீரிலும் சளியிலும் மூச்சுத் துளியிலும் வருவது. அதற்கு முகக்கவசமும் வேண்டும், துண்டை அப்புறப்படுத்தவும் வேண்டும். எதற்கு எது என்று பிரித்தறிவதுதான் மருத்துவமனை நிர்வாகத்தின் வேலை.

அந்தப் பிரித்தறிதல் இல்லாததன் விளைவைக் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள் மேலேயே கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். ஏப்ரல் முதல் தேதி திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் திறக்கப்பட்டது. மற்ற ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு அதைப் பின்பற்றின. மனிதர்கள் மேல் தெளிக்காதீர்கள், பயனில்லை, கேடு என்று ஒன்றிய அமைச்சகமே அந்த மாதம் எழுத வேண்டியதாயிற்று. அதே நாட்களில் கொல்கத்தாவில் இளம் மருத்துவர்களுக்குப் பாதுகாப்பு உடைக்குப் பதில் மழைக்கோட்டு கொடுத்தார்கள். ஹரியாணாவில் ஒரு மருத்துவர் என்95 முகக்கவசம் கிடைக்காமல் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். தெருவுக்குத் தெளிக்க லாரி லாரியாக மருந்து இருந்தது. வார்டில் நிற்பவருக்கு முகத்தில் கட்ட ஒன்று இல்லை. இது பணப் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எது கேமராவுக்குத் தெரியுமோ அதற்குச் செலவு செய்வது என்ற புத்தி.

வேதனை என்னவென்றால், நிபாவை மேற்பரப்பில் கொல்வது கடினமே அல்ல. அது கொழுப்பு உறை போர்த்திய வைரஸ். சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். வெப்பமும் உலர்வும் அதற்கு ஆகாது. துணியை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தினாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. கட்டிலுக்கும் தரைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட், நம் வார்டுகளில் எல்லோரும் சொல்லும் 'ஹைப்போ', போதும். ஆனால் அதற்கொரு முறை இருக்கிறது. இரத்தமோ வாந்தியோ சளியோ கிடக்கும் இடத்தில் அப்படியே ஊற்றினால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் துணி போட்டு ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு ஒரு விழுக்காட்டுக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் வாசனை மட்டும்தான் மிச்சம். கலக்கிய கரைசல் அன்றன்றைக்கே தீர வேண்டும். நேற்றைய வாளி இன்றைக்கு உதவாது. நம் வெயிலில் மூட்டை பிரித்து வைத்த ப்ளீச்சிங் பவுடர் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பிக் கலக்கியவரின் நுரையீரலைப் பதம் பார்க்கும். ஒரு வார்டைத் துடைத்த மாப்பை அலசாமல் அடுத்த வார்டுக்கு இழுத்துப் போனால் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் கிருமியைப் பங்கிட்டுக் கொடுக்கிறோம்.

இவ்வளவும் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? மாப் பிடிப்பவருக்கு. அவர் யார்? தனியார் ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய பெண். மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒப்பந்தம் கைமாறினால் அவரும் மாறலாம். அவருக்குப் பயிற்சி கொடுப்பது மருத்துவமனையின் பொறுப்பா, நிறுவனத்தின் பொறுப்பா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் எதிர்ப் பக்கத்தைக் கை காட்டுகின்றன. அவருடைய நாள், சூப்பர்வைசர் 'அந்த வார்டையும் பார்த்துட்டு வந்துடும்மா' என்று சொல்வதில் நீண்டுகொண்டே போகிறது. பத்து நிமிடம் கரைசல் ஊற வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை அவருடைய வேலை நேரத்தில் யார் ஒதுக்கினார்கள்? வைரஸிடமிருந்து மருத்துவரைக் காப்பவர் இந்தப் பெண். அவரைக் காப்பவர் யாருமில்லை.

தொற்றுநோய் வந்தால் தற்காலிகமாக ஆள் எடுப்பதும் ஓய்ந்தால் கழற்றிவிடுவதும் கட்சி வேறுபாடு இல்லாத கலையாகிவிட்டது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நிபா வார்டில் பயந்து ஓடாமல் வேலை பார்த்த தற்காலிகத் துப்புரவுப் பணியாளர்களும் உதவியாளர்களும், தங்களை வேலையில் தொடரவிடும்படி கேட்டு 2019 தொடக்கத்தில் அதே கல்லூரி வாசலில் உண்ணாவிரதம் உட்கார நேர்ந்தது. நிபாவை அடக்கியதற்காக உலகம் பாராட்டிய அதே கேரளம். தமிழ்நாடு அதற்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணியை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவைத்தது. அவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் மாற்றுப் பணி பற்றிப் பேச்சு வந்தது. ஆபத்தை எதிர்கொண்டு தேர்ந்த கைகளை, ஆபத்து விலகியதும் வெளியேற்றிவிட்டு, அடுத்த முறை மறுபடி பயிற்சியற்ற கைகளோடு தொடங்குகிறோம். தொற்றுக் கட்டுப்பாடு என்பது பழக்கம். வேலை நிரந்தரமில்லாத இடத்தில் பழக்கம் ஊன்றாது.

இனி கணக்கைப் பார்ப்போம், அதாவது கணக்கே இல்லாததைப் பார்ப்போம். 2003-இல் சார்ஸ் பரவியபோது பாதிக்கப்பட்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள் என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. ஐந்தில் ஒருவர். கொரோனாவிலோ 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதனிடம் முறையாகப் பதிவாகியிருந்த எண்ணிக்கை வெறும் 6,643. நம் நாட்டில் 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, சுகாதாரம் மாநிலப் பொருள், அப்படியொரு தரவை ஒன்றிய அரசு வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தது. கொதித்துப்போன இந்திய மருத்துவச் சங்கம் இறந்துபோன 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. மருத்துவர்களுக்காவது சங்கம் இருந்தது, பட்டியல் வந்தது. செவிலியர்கள்? ஆய்வகத் தொழில்நுட்பர்கள்? ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்கள்? அழுக்குத் துணியை மூட்டை கட்டியவர்கள்? அவர்களுடைய பட்டியலை யார் வெளியிட்டது?

அந்த ஆண்டு மார்ச்சில் 22.12 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்ச ரூபாய் காப்பீடு அறிவிக்கப்பட்டது. நல்லது. ஏப்ரலில் அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குபவருக்குச் சிறை என்றது. அதுவும் நல்லது. முதலாவது இறந்த பிறகு குடும்பத்துக்குப் பணம். இரண்டாவது அடித்தவருக்குத் தண்டனை. உயிரோடு வேலை பார்க்கும்போது தொற்று வராமல் காக்கத் தவறிய நிர்வாகத்துக்கு என்ன தண்டனை என்று எந்தச் சட்டமும் அந்த வேகத்தில் வரவில்லை. கை தட்டினோம், விளக்கேற்றினோம், ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவினோம்.

சட்டமே இல்லையா என்றால் இருக்கிறது என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவைக் கையாளும் எல்லா ஊழியருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்கின்றன. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும், பயிற்சி தர வேண்டும், விபத்துகளைப் பதிவுசெய்ய வேண்டும், ஆண்டறிக்கையை இணையத்தில் போட வேண்டும் என்கின்றன. 2020 ஜனவரியில், கொரோனா நம் வாசலைத் தட்டிக்கொண்டிருந்த அதே மாதத்தில், மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக்கான தேசிய நெறிமுறை வெளியானது. மூன்று தவணை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்ன விலை விற்கிறது? போட்டுக்கொள்ளாத ஊழியருக்கு, அந்த வைரஸ் உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை. குப்பைப் பையில் மூடியில்லாமல் கிடக்கும் ஊசி குத்துவது பெரும்பாலும் மருத்துவரை அல்ல, பையைத் தூக்குபவரை. 'ஊசி குத்திடுச்சு' என்று சொன்னால் கவனக்குறைவு என்று திட்டு விழும், வேலை போகும் என்று பயந்து சொல்லாமலே போகிறவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

தனியார் மருத்துவமனைகள் தமக்கு இதில் பங்கில்லை என்று நழுவ முடியாது. 2023 ஆகஸ்ட் 30-இல் கோழிக்கோட்டுத் தனியார் மருத்துவமனையில் ஒருவர் இறந்தார். அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செப்டம்பர் 11-இல் இரண்டாவது மரணம் நிகழ்ந்து மறுநாள் சோதனை உறுதியான பிறகே அந்த முதல் சாவும் நிபா என்று புரிந்தது. அந்த ஆண்டு உறுதியான ஆறு பேரில் ஒருவர் 24 வயது மருத்துவமனை ஊழியர். மாவட்டமே ஒருமுறை நிபாவால் நடுங்கியிருந்த பிறகும் இந்தத் தாமதம். கட்டணப் பட்டியலில் 'தொற்றுத் தடுப்பு' என்ற பெயரில் நோயாளியிடம் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் தனித்தனியாகப் பணம் வாங்கும் நிறுவனங்கள், அந்தப் பணத்தில் எவ்வளவு தங்கள் பயிற்சிச் செவிலியரின் முகத்தில் ஏறுகிறது என்று கணக்குக் காட்டட்டும்.

தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நாம் கேட்பது புதிய திட்டமோ புதிய பெயரோ அல்ல. காய்ச்சல் வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனையே துவைத்த விரிப்பு தினமும் வேண்டும். வாய் துடைக்க, ஒருமுறை துடைத்துத் தூக்கியெறியும் துணியோ தாளோ வேண்டும். வீட்டுத் துண்டு அந்த வார்டுக்குள் வரக் கூடாது. மூளைக்காய்ச்சலோ மூச்சுத் திணறலோ காய்ச்சலோடு சேர்ந்து வரும் நோயாளியை வாசலிலேயே பிரித்து, சோதனை முடிவுக்குக் காத்திராமல் அந்த நிமிடத்திலிருந்தே பாதுகாப்போடு அணுக வேண்டும். ஊரெல்லாம் பேசிய பிறகு கதவைப் பூட்டிப் பயனில்லை. உடனிருப்பவர் ஒருவருக்கு மேல் வேண்டாம், அந்த ஒருவருக்கும் செவிலியருக்குத் தரும் அதே முகக்கவசம் தர வேண்டும். இதையெல்லாம் செய்யச் செவிலியர் போதாது என்பீர்கள். போதாதுதான். அதனால்தான் எடுத்தவர்களை அனுப்பாதீர்கள் என்கிறோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவு, அவசர சிகிச்சைப் பிரிவு, தனிமை வார்டு, துணி துவைக்கும் பிரிவு ஆகியவற்றின் தூய்மைப் பணியை ஒப்பந்தத்திலிருந்து விலக்கி மருத்துவமனையின் நேரடிப் பணியாக்க வேண்டும். முடியாது என்றால், மருத்துவமனைக்குள் நுழையும் எந்த ஒப்பந்த ஊழியருக்கும் தடுப்பூசியும் பயிற்சியும் முடிந்த சான்று இல்லாவிட்டால் நிறுவனத்தின் பில்லை நிறுத்தும் ஷரத்தையாவது ஒப்பந்தத்தில் சேருங்கள். பணியில் தொற்று வந்தால் சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவமனைச் செலவிலேயே சிகிச்சை என்பது மருத்துவருக்கும் மாப் பிடிப்பவருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஊசி குத்தியதையும் தொற்று வந்ததையும் தெரிவித்தவருக்கு எந்த நடவடிக்கையும் வராது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்.

கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டறிக்கையை ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்தாக வேண்டும். வரும் ஜூன் 30-இல் தமிழ்நாட்டின் எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின், தனியார் பெருமருத்துவமனைகளின் அறிக்கைகளும் பொதுமக்கள் படிக்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஊழியருக்கு ஊசி குத்தியது, எத்தனை பேருக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, அதில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்பது பதவிவாரியாக இருக்க வேண்டும். அறிக்கை தராத மருத்துவமனைகளின் பெயரை ஜூலை முதல் தேதி துறையே அறிவிக்கட்டும். அறிவிக்காவிட்டால் அந்தப் பட்டியலை நாங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி வெளியிடுவோம்.